பேசிக் ஓடும் சின்ன போர்டும் கடைமடைத் தண்ணீரும்

திருத்துறைப்பூண்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சு கலர் ஃபங்ஷன் கீ வைத்த கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் நிரல் எழுதியிருக்கிறேன். சுவிட்ச் போட்டதும் தயாராக நிற்கும். அந்த மாதிரி இன்றைக்கு ஏதாவது கிடைக்கிறதா? ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணுக்கு வாங்கித் தரலாமா, இல்லை எல்லாரும் சொல்கிற அர்டுயினோ போர்டுதான் சரியா? பம்புசெட்டுக்கும் பயன்பட்டால் நல்லது. திரையில் தமிழ் வருமா?"

கிடைக்கிறது அண்ணே, தாராளமாக வாங்கித் தரலாம். ஆனால் பழைய மாடலில் புதிதாகச் செய்து, ரெட்ரோ கம்ப்யூட்டர் என்று பெயர் போட்டு டாலரில் விற்கும் பெட்டிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ராஸ்பெர்ரி பை பிகோ என்ற போர்டு ஒன்று, நல்ல யூஎஸ்பி கேபிள் ஒன்று, இரண்டும் சேர்த்து ஐந்நூறு ரூபாயை ஒட்டித்தான் ஆகும். அதில் பிகோமைட் என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டால் உங்கள் பள்ளிக்கூட மிஷின் மாதிரியே 'என்ன செய்யணும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பம்புசெட் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பான கருத்து உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது பிபிசி மைக்ரோவாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட மிஷின். நம் நாட்டில் 1984-இல் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தபோது இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இங்கேயே உரிமம் வாங்கி யூனிகார்ன் என்ற பெயரில் தயாரிக்கவும் செய்தது. 'பி' மாடலில் நினைவகம் 32 கேபி, வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது. ஆனால் பேசிக் மொழியை ரோம் என்ற, படிக்க மட்டுமே முடிகிற சிப்பிலேயே பொறித்து வைத்திருந்ததால், ஸ்டார்ட் ஆகக் காத்திருக்கும் வேலையே கிடையாது.

இந்த மிஷினுக்கும் இன்றைய பிகோவுக்கும் நேரடி உறவு இருக்கிறது. பிபிசி பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். அதே ஏகார்னில் அடுத்ததாக அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து வடிவமைத்ததுதான் ஏஆர்எம் சிப். 1985 ஏப்ரலில் முதல் சிப் ஓடியது. அதற்கு முன்னால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, பிபிசி பேசிக்கிலேயே அதன் மாதிரியை எழுதி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இன்று பிகோவில் உள்ள ஆர்பி2040 சிப்புக்குள் இருப்பது இரண்டு ஏஆர்எம் கோர்கள். 133 மெகாஹெர்ட்ஸ் வேகம், 264 கேபி நினைவகம், 2021 ஜனவரியில் வந்தபோது விலை 4 டாலர். பிபிசி 'பி' மாடல் அந்தக் காலத்திலேயே 399 பவுண்டுக்கு விற்றது.

பிகோ வெறும் போர்டு. அதற்குப் பேசிக் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. ஜெஃப் கிரஹாம் என்பவர் 2011-இல் சிலிக்கான் சிப் என்ற பத்திரிகையில் மேக்சிமைட் என்ற மிஷினைச் செய்முறையோடு வெளியிட்டார். பிக்32 வகைச் சிப் ஒன்று, விஜிஏ மானிட்டர், பிஎஸ்2 கீபோர்டு, எஸ்டி கார்டு, அவ்வளவுதான் கம்ப்யூட்டர். அதற்காக அவர் எழுதிய பேசிக்கின் பெயர் எம்எம்பேசிக். அப்புறம் கலர் மேக்சிமைட் வந்தது. 28 கால் வைத்த ஒற்றைச் சிப்பிலேயே ஓடும் மைக்ரோமைட் வந்தது. பீட்டர் மாதர் என்பவரும் சேர்ந்துகொண்ட பிறகு 2020-இல் கலர் மேக்சிமைட் 2 வந்தது. அது 480 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப். அதே பேசிக்கைப் பிகோவுக்குக் கொண்டுவந்ததுதான் பிகோமைட். பத்து வருஷத்துக்கு மேல் ஓரிருவர் கையிலேயே வளர்ந்த மொழி என்பதால் கையேடு ஒழுங்காக இருக்கும். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்த கட்டளையைத் தேடினாலும் அந்த ஒரே புத்தகத்தில் கிடைத்துவிடும். அர்டுயினோ உலகத்தில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒவ்வொருவர் எழுதிய லைப்ரரியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, அர்டுயினோவா இதுவா? அர்டுயினோவில் நிரலை லேப்டாப்பில் எழுதி, சிப்புக்குப் புரியும்படி மொழிமாற்றி, போர்டில் ஏற்றி, அப்புறம்தான் என்ன ஆகிறது என்று பார்க்க முடியும். ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. எம்எம்பேசிக்கில் நீங்கள் போர்டோடு நேராகப் பேசலாம். ஜிபி26 என்று பெயர் கொண்ட பின்னை அளக்கும் பின்னாக வை என்று ஒரு வரி, அதில் எத்தனை வோல்ட் என்று காட்டு என்று அடுத்த வரி. என்டர் தட்டியதும் 1.84 என்று திரையில் வந்து நிற்கும். நிரலே இன்னும் எழுதவில்லை. நீங்கள் சீரீஸ் லேம்ப் வைத்து காயிலின் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்ப்பீர்களே, அதே மாதிரிதான். முனை சரியா என்று தெரிந்த பிறகு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த வசதி பைத்தான் மொழியின் சின்னப் பதிப்பான மைக்ரோபைத்தானிலும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே பிகோவில் அதுவும் ஓடும், அங்கேயும் ஒரு வரி எழுதினால் உடனே பதில் வரும். அப்படியிருந்தும் நான் பேசிக்கை முதலில் வைப்பதற்குக் காரணம், எழுதித் திருத்தும் எடிட்டரே போர்டுக்குள் இருப்பதுதான். 'எடிட்' என்று தட்டினால் முழுத்திரையில் நிரல் திறக்கும். எஃப்1 அடித்தால் சேமித்து வெளியே வரும், எஃப்2 அடித்தால் சேமித்து உடனே ஓடும். எந்த லேப்டாப்பில் செருகினாலும், போர்டோடு எழுத்தில் பேச உதவும் ஒரு சாதாரண டெர்மினல் புரோகிராம் அதில் இருந்தால் போதும். வயலில், கோழிக்கொட்டகையில், இன்டர்நெட் எடுக்காத இடத்தில் நின்றுகொண்டு, போர்டுக்குள் இருக்கும் நிரலை அங்கேயே திறந்து பார்த்து அங்கேயே திருத்தலாம். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய மூல நிரல் எந்த லேப்டாப்பில் கிடக்கிறது என்று தேட வேண்டாம், நிரல் போர்டிலேயேதான் இருக்கிறது. டவுனில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்று வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஏற்றும் முறை எளிது. போர்டில் பூட்செல் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கியபடி கேபிளை லேப்டாப்பில் செருகினால், பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் தெரியும். இறக்கி வைத்த பிகோமைட் ஃபைலை அதற்குள் காப்பி செய்தால் வேலை முடிந்தது. டிரைவ் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். போன் சார்ஜரோடு வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் கரண்ட் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. வாங்கும்போது 'பிகோ எச்' என்று கேட்டு வாங்குங்கள், பின்களைக் கம்பெனியிலேயே பற்றவைத்துக் கொடுத்திருப்பார்கள். சால்டரிங் உங்களுக்குப் பெரிய வேலையில்லை என்று தெரியும், ஆனால் பெண் தானாகவே ஆரம்பிக்கட்டும். வீட்டில் அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் கிடந்தால் இதற்குத் தாராளமாகப் போதும். பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடுகிற லேப்டாப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

லேப்டாப்பே வேண்டாம், பழைய மாதிரி தனியாக மானிட்டரும் கீபோர்டும் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பிகோமைட்டின் விஜிஏ பதிப்பை ஏற்றி, சில ரெசிஸ்டர்களையும் டயோடுகளையும் வைத்து விஜிஏ சாக்கெட்டை இணைத்தால், 640-க்கு 480 புள்ளிகளில் ஒற்றை நிறமாகவும், 320-க்கு 240-இல் 16 நிறங்களிலும் படம் வரும். பிரவுசிங் சென்டர்கள் மூடியபோது வெளியே வந்த பழைய எல்சிடி மானிட்டர்கள் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் செகண்ட் ஹேண்ட் கடைகளில் இன்னும் கிடைக்கும். பிஎஸ்2 கீபோர்டை இணைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. அது 5 வோல்ட்டில் ஓடுவது, பிகோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் வோல்ட்டேஜ் இறக்கும் சின்ன போர்டு ஒன்று வேண்டும். யூஎஸ்பி கீபோர்டை ஏற்கும் பதிப்பும் இருக்கிறது. அரசு கொடுத்த பழைய 14 இன்ச் கலர் டிவியில் இது வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வராது. அதில் இருப்பது ஏவி சாக்கெட். விஜிஏ சிக்னல் அதற்குப் புரியாது. முதல் மேக்சிமைட்டில் டிவிக்குப் போகும் வீடியோவும் இருந்தது, பிகோ பதிப்பில் அது இல்லை.

ரெட்ரோ பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம். அகான் லைட் என்று ஒன்று இருக்கிறது. ஈஇசட்80 என்ற எட்டு பிட் சிப், அதற்குத் துணையாகத் திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஈஎஸ்பி32. சுவிட்ச் போட்டால் பிபிசி பேசிக் வரும். உங்களுடைய பள்ளி நினைவுக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான், வடிவமைப்பும் திறந்தது. கமாண்டர் எக்ஸ்16, ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் போன்றவை அழகான மிஷின்கள், ஆனால் டாலரில் நூற்றுக்கணக்கில் விலை, அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கவரி. அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு ஒரு புது மோட்டாரே வாங்கலாம். பிகோகால்க் என்று கையடக்கமாக ஒன்று 2025-இல் வந்தது. நாலு இன்ச் திரை, முழுக் கீபோர்டு, உள்ளே பிகோ, அதில் எம்எம்பேசிக். 75 டாலர். ஒரு வருஷம் கழித்தும் பெண்ணுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் பரிசாக அதை யோசிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். இசட்80 சிப் வைத்து நீங்களே முழு கம்ப்யூட்டர் பற்றவைக்கும் கிட்களும் உண்டு. ஆனால் அந்தச் சிப்பைத் தனியாகத் தயாரிப்பதை ஸைலாக் 2024-இல் நிறுத்திக்கொண்டது. இனிமேல் கிடைப்பது கையிருப்பும் பழையதும்தான், போலியும் கலந்து வரும்.

இனி பம்புசெட். மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் பொறுப்பை இந்தப் போர்டிடம் கொடுக்காதீர்கள். ஒரு பேஸ் போய் மோட்டார் எரிவதால்தான் உங்கள் கடைக்குப் பாதி வேலை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதைத் தடுக்க சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் என்று தனியாகவே விற்கிறார்கள். அது செய்கிற வேலையைப் பேசிக் நிரல் செய்யக் கூடாது. நிரல் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் மோட்டார் போய்விடும். மாடித் தொட்டி நிரம்புவதைக் கண்டுபிடிக்கவும் மிதவை சுவிட்ச் போதும். அதற்கு அல்ட்ராசானிக் சென்சார், திரை, நிரல் என்று ஏற்பாடு செய்வது வேடிக்கைக்கு நன்றாக இருக்கும், அவசியம் கிடையாது.

இந்தப் போர்டின் பலம் அளப்பதிலும் எழுதி வைப்பதிலும்தான். கடைமடைப் பகுதிக்கு என்று ஒரு அளவு இருக்கிறது: தண்ணீரின் உப்பு. கோடையில் ஆற்றில் தண்ணீர் நின்று, போர்வெல்களை விடாமல் இறைக்கும்போது கடற்கரையை ஒட்டிய ஊர்களில் தண்ணீர் உப்பேறுவது உங்களுக்குப் புதிதில்லை. நாக்கில் வைத்துப் பார்த்து 'சப்பென்று இல்லை' என்று சொல்வதற்கும், போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு என்று எண்ணாகப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உப்பு கூடக்கூட தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் போகும். அதனால் மின்கடத்தலை அளந்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும்.

செய்முறை இது. ஒரே அளவுள்ள இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை ஒரு பிளாஸ்டிக் துண்டில், இடைவெளி மாறாதபடி இறுக்கி வையுங்கள். ஒரு கம்பி ஜிபி15 பின்னுக்கு. மற்ற கம்பி ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஜிபி14 பின்னுக்கு. ரெசிஸ்டரும் கம்பியும் சேரும் இடத்திலிருந்து ஒரு ஒயர் ஜிபி26 பின்னுக்கு, அங்கேதான் வோல்ட்டேஜைப் படிக்கிறோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 14-இல் எப்போதும் பாசிட்டிவ், 15-இல் எப்போதும் நெகட்டிவ் என்று விட்டுவிட்டால், பேட்டரி சார்ஜ் போடும்போது பார்க்கிற மாதிரி கம்பிகளில் குமிழ் கட்ட ஆரம்பிக்கும், கம்பி அரிக்கும், அளவும் நகர்ந்துகொண்டே போகும். அதனால் 14-ஐ உயர்த்தி 15-ஐத் தாழ்த்தி ஒரு முறை படிக்க வேண்டும், உடனே திசையை மாற்றி மறுமுறை படிக்க வேண்டும், அப்புறம் இரண்டையும் தாழ்த்திவிட வேண்டும். இப்படிப் பல முறை படித்துச் சராசரி எடுத்தால் எண் ஒரு இடத்தில் நிற்கும். பேசிக்கில் இது ஒரு சின்னச் சுற்று, பத்து பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் வேண்டுமே. பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்தால், 25 டிகிரியில் அதன் மின்கடத்தல் சென்டிமீட்டருக்குச் சுமார் 2,000 மைக்ரோசீமென்ஸ். அரை கிராம் கரைத்தால் அதில் ஏறக்குறைய பாதி. உங்கள் ஊர் நகைக்கடையில் ஒரு கிராமைத் துல்லியமாக நிறுத்துத் தருவார்கள், கேட்டால் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம். இந்த இரண்டு கரைசலிலும் கம்பியை வைத்து என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொண்டால், மற்ற எந்தத் தண்ணீருக்கும் கணக்குப் போடலாம். வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் ஏறும். காலையில் எடுத்த தண்ணீருக்கும் மதியம் வெயிலில் எடுத்ததற்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால், உப்பு ஏறாமலேயே எண் ஐந்தில் ஒரு பங்கு கூடித் தெரியும். அதற்கு டிஎஸ்18பி20 என்ற சின்ன வெப்பச் சென்சார் போதும். கம்பிச் சுருளோடு தண்ணீர் புகாத உறையில் விற்கிறார்கள், கூடவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். எம்எம்பேசிக்கில் அதைப் படிக்க டெம்பர் என்ற ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம்.

கம்பியைப் போர்வெல்லுக்குள் இறக்காதீர்கள். மோட்டார் ஓடி ஐந்து பத்து நிமிஷம் ஆன பிறகு ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, அதில் வைத்து அளங்கள். வாரம் ஒருமுறை, அதே போர், அதே மக். நெல்லைப் பொறுத்தவரை மண்ணின் ஈரத்திலுள்ள மின்கடத்தல் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. உங்கள் மீட்டரின் மொழியில் அது 3,000 மைக்ரோசீமென்ஸ். இது மண்ணுக்குச் சொன்ன அளவு, பாசனத் தண்ணீருக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மண்ணிலேயே தங்கிவிடுவதால், நாளடைவில் மண்ணின் அளவு தண்ணீரைவிட மேலே போகும். சரியான முடிவுக்கு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். எப்போது அனுப்ப வேண்டும் என்பதை இந்தக் கருவி சொல்லும். பெண்ணுக்கு ஒன்பதாவது அறிவியல் பாடத்தில் இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது என்பேன்.

வேறு சில வேலைகளும் இதற்குப் பொருந்தும். நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் பெட்டிக்கு 37.5 டிகிரியை ஒட்டி வெப்பம் வேண்டும், 21 நாள், கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது, ஈரப்பதம் கூட வேண்டும். நாள் கணக்கு வைத்துக்கொண்டு இதையெல்லாம் மாற்றுவது பேசிக் நிரலுக்கு இயல்பான வேலை. ஆனால் அதிலும் பல்பின் வழியில் ஒரு சாதாரண தெர்மோஸ்டாட்டைத் தனியாகப் போட்டு வையுங்கள், நிரல் சிக்கினாலும் முட்டை வேகாது. நெல்லின் ஈரப்பதத்தையும் அளக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், சுமாராக. காயப்போட்டது போதுமா என்று வீட்டளவில் பார்த்துக்கொள்ளலாம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்று நிற்கும்போது நம் கைக்கருவியை எடுத்துக் காட்டி வாதாடப் போகாதீர்கள்.

நம் பக்கத்துக் கரண்டும் காற்றும் போர்டுக்குச் சாதகமானவை இல்லை. மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் கான்டாக்டர் விழும்போது எழும் ஸ்பார்க்கிலேயே பக்கத்தில் இருக்கும் போர்டு தடுமாறி நின்றுவிடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போர்டை வைக்காமல் தனிப் பெட்டியில், தனி சார்ஜரில் வையுங்கள். பவர் பேங்கில் ஓட்டலாம் என்று தோன்றும். பிகோ இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். கரண்ட் போய் வந்தால் நிரல் தானாக ஓட ஆட்டோரன் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். நிரல் எங்காவது சிக்கினால் போர்டையே மறுபடி துவக்க வாட்ச்டாக் என்ற கட்டளை இருக்கிறது, அதையும் சேருங்கள். எஸ்டி கார்டை இணைத்து அதில் அளவுகளை எழுதும்போது ஃபைலைத் திறந்து, ஒரு வரி எழுதி, உடனே மூடிவிடுங்கள். நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தால், கரண்ட் போகும் நேரத்தில் எழுதியதெல்லாம் போகும். போர்டுக்குள் பேட்டரி கடிகாரம் கிடையாது, கரண்ட் போனால் மணியும் மறந்துபோகும். டிஎஸ்3231 என்ற கடிகாரத் துண்டை இணைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும், எம்எம்பேசிக் அதை நேரடியாகவே புரிந்துகொள்ளும்.

உப்புக்காற்றுக்கு மருந்து உங்கள் கடையிலேயே இருக்கிறது. காயிலுக்கு ஊற்றும் இன்சுலேட்டிங் வார்னிஷைச் சின்ன பிரஷ்ஷால் போர்டின் மேல் மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். யூஎஸ்பி வாய், பூட்செல் பொத்தான், இணைப்பு கொடுக்கும் பின்கள், இவற்றை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத் தடவுங்கள். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் இது. வார்னிஷ் அடித்ததும் சால்டரிங் செய்வது எரிச்சலான வேலை. பெட்டியில் ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், பல்லி குடியேறாமல் இருக்கும்.

பெண்ணின் படிப்பைப் பற்றி. பேசிக் படித்தால் கெட்ட பழக்கம் வரும் என்று யாராவது சொல்வார்கள். வரி எண்ணும், இந்த வரிக்குத் தாவு என்று சொல்லும் கோடோ கட்டளையும் நிறைந்திருந்த பழைய பேசிக்கைப் பற்றிய பேச்சு அது. எம்எம்பேசிக்கில் வரி எண் தேவையில்லை, தனித்தனி சப்ரூட்டீன், ஃபங்ஷன், உள்ளூர் மாறிகள் எல்லாம் உண்டு. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் இந்த மொழியை உண்டாக்கியதே கணக்கு, விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டு வருஷம் கழித்து அவள் பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால், நம் மாநிலப் பாடத்தில் சி++ வரும், பன்னிரண்டாவதில் பைத்தான் வரும். அப்போது இதே பிகோவில் மைக்ரோபைத்தானை ஏற்றிக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் பேசிக்குக்கு மதிப்பு கிடையாது, அதையும் தெரிந்தே இறங்குங்கள். போர்டு வந்து சேரும்வரை கை சும்மா இருக்க வேண்டாம் என்றால், விண்டோஸில் ஓடும் எம்எம்பேசிக் இலவசமாகவே இருக்கிறது, பின்களை அளப்பது தவிர மற்றதெல்லாம் அதில் பழகலாம்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. நேரடியாக வராது. எம்எம்பேசிக் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றே கணக்கு வைக்கிறது, யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆனால் நாமே எழுத்துருவை வரைந்து சேர்க்க வழி இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழுக்குத் திஸ்கி என்ற எட்டு பிட் முறை இருந்ததே, கீழ்ப் பாதியில் ஆங்கிலம், மேல் பாதியில் தமிழ் வடிவங்கள், கொம்பும் காலும் திரையில் தெரிகிற வரிசையிலேயே. இந்தப் போர்டுக்கு அந்தப் பழைய முறைதான் அளவெடுத்த சட்டை. ஒரு சிக்கல், எம்எம்பேசிக் எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 'ண' நெருக்கிக்கொண்டும் 'ர' இடம் விட்டும் நிற்கும். படிக்கலாம், ரசிக்க முடியாது. உப்பு மீட்டருக்கு 'நல்ல தண்ணீர்', 'பார்த்து இறை', 'இறைக்காதே' என்று மூன்று சொற்றொடர்தான் வேண்டும் என்றால், லேப்டாப்பில் அழகான எழுத்தில் அடித்து, மூன்று பிஎம்பி படங்களாகச் சேமித்து, எஸ்டி கார்டில் போட்டு, அளவுக்கு ஏற்ற படத்தை லோட் இமேஜ் கட்டளையால் காட்டிவிடுங்கள். எண்ணை மட்டும் பேசிக்கே எழுதட்டும்.